வண்டியில் வந்த மண்

உஸ்மான் கனி பாய் பதினெட்டு வருஷ சர்வீசில் ஏழு ஆபீசர்களுக்கு நிலமளக்கும் சங்கிலி இழுத்த கலாசி. ஏழு பேரைப் பற்றியும் அவருக்கு ஒரு அபிப்பிராயம் இருந்தது. ஒன்றுகூட வெளியே சொல்லும்படியாக இல்லை. ஒருத்தர் வரப்பில் நடக்கத் தெரியாமல் நாற்றங்காலில் விழுந்தவர். இன்னொருத்தர் கூடாரத்தை விட்டு வெளியே வராமலே வெள்ளானூர் முழுவதையும் அளந்து முடித்தவர். அளந்தது பாய், கையெழுத்து மட்டும் அவருடையது. அதனால் முப்பத்தாறாம் வருஷம் தை மாதத்தில் எட்டாவதாக வந்த பரந்தாமன், பூந்தமல்லியில் சைக்கிளைப் புளியமரத்தில் சாத்திவிட்டு, குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து வாயில் போட்டு மென்றபோது பாய் பெரிதாக அதிர்ந்துவிடவில்லை. சரிதான், இது இந்த ரகம் என்று நினைத்துக்கொண்டார்.

"இன்னா சார், ஊட்ல நாஷ்டா குடுக்கலியா?"

பரந்தாமன் துப்பிவிட்டுச் சிரித்தார். இருபத்தாறு வயசு. சிரித்தால் பள்ளிக்கூடப் பையன் மாதிரி இருந்தார்.

"பல்லுல நறநறன்னு பட்டா அதுல மணல் இருக்கு பாய். வெண்ணெய் மாதிரி வழுக்கினா சுத்தக் களிமண். கண்ணு ஏமாந்துடும். பல்லு அவ்வளவு சீக்கிரம் ஏமாறாது."

அவர் வந்த வேலை யாருடைய நிலம் எது என்று அளப்பதல்ல. வெள்ளானூரிலிருந்து நசரத்பேட்டை வரைக்கும் தரையின் மேல் எந்த மண் எங்கே கிடக்கிறது, அதை யார் கொண்டுவந்து போட்டது என்று படம் வரைவது. மணலுக்கு மஞ்சள், களிமண்ணுக்குப் பழுப்பு, சரளைக்குச் சிவப்பு. நூறு கஜத்துக்கு ஒரு இடத்தில் திருகுக் கம்பியை மூன்றடி ஆழத்துக்கு இறக்கி, நுனியில் ஒட்டிவரும் மண்ணைப் பார்த்து எழுத வேண்டும். மூன்றடிதான் ஆபீஸ் உத்தரவு. கம்பியைத் திருகுவது பாயின் வேலை. முதல் வாரத்திலேயே உள்ளங்கை தோலுரிந்து போயிற்று.

"யாரு கொண்டாந்து போட்டதுன்னா? மண்ணு பொறந்ததுலேர்ந்து இங்கதானே சார் கீது?"

"இல்லை பாய். குளிர் தேசத்துல பனிக்கட்டி மலையிலேர்ந்து ஊர்ந்து வரும். பாறையை உடைச்சு இழுத்துக்கிட்டு வந்து பள்ளத்தாக்குல போட்டுட்டு உருகிப்போயிடும். நம்ம பக்கம் பனி கிடையாது, இங்கே அந்த வேலையை ஆறு செய்யுது. கூவம் இப்போ ஓடற இடத்துல எப்பவும் ஓடலை. இடம் மாறி மாறிப் படுத்திருக்கு. படுத்த இடத்துல எல்லாம் மணலை விட்டுட்டுப் போயிருக்கு."

"ஐஸ்கட்டி மலையை இய்த்துகினு வருமா! நல்லா கீது சார் கதை" என்று பாய் சொன்னார். ஆனால் அன்று சாயங்காலம் வீட்டில் அந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாசி பிறப்பதற்குள் பாய்க்குத் தன் எட்டாவது ஆபீசரைப் பற்றி என்ன நினைப்பது என்று தெரியாமல் போய்விட்டது. மனிதர் வெயிலுக்கு ஒதுங்குவதில்லை. கம்பியைத் தானும் பிடித்துத் திருகுவார். கூவத்தின் செங்குத்தான கரையில் குடைந்து வெட்டியது போல மண் அடுக்கடுக்காகத் தெரியும் ஓரிடத்தில், இடுப்பளவு சேற்றில் நின்றுகொண்டு ஒரு பகல் முழுவதும் படம் போட்டார். மேலே மணல், நடுவில் கெட்டியான மஞ்சள் களி, அதற்கும் கீழே உருண்டை உருண்டையாகக் கூழாங்கல். அந்தக் கூழாங்கல் அடுக்கிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தது. "இதுதான் பாய் பழைய ஆறு. மேலே ஒருத்தருக்கும் தெரியாம உள்ளே இன்னும் ஓடிக்கிட்டிருக்கு" என்று அவர் சொன்னபோது பாய்க்கு மயிர் சிலிர்த்தது. அந்தக் கரையில் அவர் சின்ன வயசிலிருந்து குளித்திருக்கிறார். ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

நூம்பலுக்கு வந்தபோது வேலையோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. நூம்பல் சேரிக்கென்று சர்க்கார் செலவில் ஒரு கிணறு மஞ்சூர் ஆகியிருந்தது. எங்கே வெட்டினால் தண்ணீர் வரும் என்று பரந்தாமனின் படத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வதாக மேலே எழுதிவிட்டார்கள். அதுவரைக்கும் அந்த ஜனங்களுக்குத் தண்ணீர் என்றால் ஒன்றரை மைல் நடந்து, கூவத்து மணலில் கையால் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தை நிரப்பி வருவதுதான். கோடையில் ஒரு குடம் நிரம்ப ஒரு நாழிகை ஆகும்.

நாகவல்லி என்கிற பெண்பிள்ளை அந்தச் சேரியில் வாயாடி. முப்பது வயசிருக்கும், ஏர் ஓட்டுவதைத் தவிர எல்லா மண் வேலையும் செய்வாள். அவள்தான் முதல் நாளே இடுப்பில் குடத்தோடு வந்து கேட்டாள்.

"சாயபு, உங்க தொரை எங்க கெணத்துக்கு எந்த எடத்தைக் காட்டப் போறாரு?"

"மண்ணு எங்க காட்டுதோ அங்க. அவரு கையில ஒண்ணும் இல்ல."

மண் காட்டியது வேறு மாதிரி. சேரியிலும் அதைச் சுற்றிய வயல்களிலும் இருபத்திரண்டு இடத்தில் கம்பி இறக்கினார்கள். இருபத்திரண்டிலும் மூன்றடி வரைக்கும் கருப்புக் களிமண், நடுநடுவே நத்தை ஓடு. பரந்தாமன் மென்று பார்த்தார், நறநறவென்று ஒன்றும் இல்லை. ஆறு வெள்ளத்தில் பரவித் தேங்கிய இடம் என்று எழுதினார். சந்தேகத்துக்கு, நிலத்துக்காரர் ஜானகிராமனின் ஆளைக் கூப்பிட்டு, "இந்த மண்ணு எத்தனை காலமா இங்கே இருக்கு?" என்று கேட்கவும் செய்தார். "எங்க பாட்டன் காலத்துலேர்ந்து இதே மண்ணுதாங்க" என்றான் அவன். அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

கிழக்கே ஜானகிராமனின் மாந்தோப்பில் மட்டும் மேலேயே மணல். படத்தில் அந்தத் தோப்பு மஞ்சளாக, சேரி பழுப்பாக விழுந்தது. பங்குனி கடைசியில் படம் பட்டணத்து ஆபீசுக்குப் போயிற்று. அங்கே பெரிய அதிகாரியான வெள்ளைக்காரத் துரைக்குப் படம் பிடித்துவிட்டது. இவ்வளவு சுத்தமான வேலையை நம் ஆபீசில் பார்த்ததில்லை என்று சொன்னாராம். பரந்தாமனின் தற்காலிக உத்தியோகம் சித்திரையோடு நிரந்தரமாகிவிடும் என்று பேச்சு.

சேரிக் கிணறு தோப்பில் வெட்டப்படும் என்று தெரிந்த அன்று நாகவல்லி சத்தம் போடவில்லை. அதுதான் பாய்க்கு என்னவோ போல் இருந்தது.

"தோப்புக்குள்ள எங்க காலு படலாமா சாயபு? கெணறு எங்க பேரு, தண்ணி அவங்க வாய்க்காலுக்கு" என்றாள். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கூவத்துக்கு நடந்தாள்.

விஷயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. சித்திரை இரண்டாம் வாரம், வயலில் விட்டு வந்த அளவுக் குச்சிகளைப் பிடுங்கி வரப் பாய் தனியாக நூம்பல் போனார். ஊர் ஏரி வற்றிப் பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஏரிக்குள்ளிருந்து நாற்பது மாட்டு வண்டிகள் வரிசையாகக் கரையேறிக்கொண்டிருந்தன. வண்டி நிறையக் கருப்பு வண்டல். சேரியைச் சுற்றிய வயல்களில் அதைக் குவியல் குவியலாகக் கொட்டினார்கள். பெண்கள் கூடையில் வாரி இறைத்தார்கள். நாகவல்லி தன் வீட்டு மேடைக்கென்று ரெண்டு கூடை தனியாக ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

வருஷா வருஷம் நடக்கிற வேலை. ஏரி தூரும் போயிற்று, வயலுக்கு எருவும் ஆயிற்று. பாயின் சொந்த மச்சானே வண்டி வைத்து இதைத்தான் செய்கிறான். சூரியன் கிழக்கே உதிக்கும் என்பது போல இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அதனாலேயே யாரும் யாருக்கும் சொல்வதில்லை.

பாய் குச்சிகளைக் கீழே போட்டார். வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பாட்டன் காலத்திலிருந்து இப்படிக் கொட்டினால் மூன்றடி ஏறாதா? அந்த மூன்றடியைத்தானே துளைத்துத் துளைத்துப் பார்த்தோம்? பனிக்கட்டி கொண்டுவரும், ஆறு கொண்டுவரும் என்று படித்த மனுஷனுக்கு மாட்டு வண்டி கொண்டுவரும் என்று எந்தப் புத்தகம் சொல்லிக்கொடுக்கும்? சொல்லியிருக்க வேண்டியவன் பக்கத்தில் நின்று கம்பி திருகிக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். மனைவி ரோஷன் பேகம் கேட்டுக் கேட்டு விஷயத்தை வாங்கினாள்.

"நீங்க சொல்லலேன்னா யாருக்காவது தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது."

"சொன்னா?"

"அந்தப் புள்ளைக்கு உத்தியோகம் போனாலும் பூடும். எனக்கும் எதுனா வரும்."

"அப்போ சொல்லாதீங்க" என்றாள் ரோஷன் பேகம். கொஞ்ச நேரம் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள், தட்டை எடுத்துக்கொண்டு, "செருப்பு கதவாண்ட கீது" என்றாள்.

பாய் போய்ச் சேர்ந்தபோது பரந்தாமன் விளக்கேற்றிவிட்டு ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். பாய் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். திட்டு வாங்கத் தயாராகத்தான் வந்திருந்தார். பரந்தாமன் பேனாவைக் கீழே வைத்தார்.

"எனக்கு முன்னியே தெரியும் சார். சொல்லணும்னு தோணல."

"நான் கேட்கலையே பாய். மண்ணு எத்தனை காலமா இருக்குன்னு கேட்டேன். எப்படி வந்ததுன்னு ஒருத்தரையும் கேட்கலை" என்றார் பரந்தாமன். "காலையிலே கடப்பாரை எடுத்துக்கங்க."

மறுநாள் சேரிப் புறம்போக்கில் நாகவல்லி கடப்பாரை போட்டாள், பாய் வாரினார். மூன்றடியும் அதே கருப்பு மண். நாலாவது அடியில் நாகவல்லி குனிந்து எதையோ எடுத்துப் புடவையில் துடைத்தாள். பச்சைக் கண்ணாடி வளையல் துண்டு.

"ஏரியில குளிக்கச் சொல்ல ஒடைஞ்சிருக்கும். யாரோ புண்ணியவதி" என்றாள்.

பரந்தாமன் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். "ஆறு வளையல் போட்டுக்குமா பாய்? என்ன முட்டாள் நான்!" சிரித்துக்கொண்டே குழியில் இறங்கி இன்னும் ஓரடி தானே வெட்டினார். கருப்பு மண் கத்தியால் அறுத்தது போல முடிந்து, அதற்கடியில் மஞ்சளாக மணல் தெரிந்தது. ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டார். முகம் மாறிவிட்டது. ஆறு சேரிக்கு அடியிலும் போயிருக்கிறது.

நாலு நாள் கழித்துப் பட்டணத்து ஆபீசில், துரையின் அறை வாசலில் பாய் கம்பிகளோடு நின்றிருந்தார். உள்ளே நடந்தது முழுக்க இங்கிலீஷ். ஆனாலும் ஆபீசர் குரலைக் கேட்டு அர்த்தம் பண்ணிக்கொள்வதில் பாய்க்குப் பதினெட்டு வருஷப் பழக்கம். துரை முதலில் சமாதானமாகப் பேசினார். படம் மேலே ரெவினியூ போர்டுக்குப் போய்விட்டது, அடுத்த வருஷம் திருத்திக்கொள்ளலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்கிற குரல். பரந்தாமன் ஏதோ சொன்னார். துரையின் குரல் ஏறியது. பரந்தாமன் மறுபடியும் அதையே சொன்னார், அதே நிதானத்தோடு. பிறகு காகிதத்தில் பேனா ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

வெளியே வந்ததும் பாய் கேட்டார். "இன்னா சார் ஆச்சு?"

"தப்பு என்னுதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாச்சு. நூம்பல் படத்தைத் திருத்த பன்னிரண்டு நாள் குடுத்திருக்கார். மாட்டு வண்டிகிட்டே ஏமாந்தவனை நிரந்தரம் பண்ண முடியாதாம். பன்னிரண்டு நாளோட வேலை முடிஞ்சுது."

"எம்பேரு?"

"உங்க பேரு எதுக்கு? படம் போட்டது நான்தானே?"

தப்பை மூடி மறைத்த ஆபீசர்களைப் பாய்க்குத் தெரியும். கலாசி தலையில் கட்டிவிட்டு டிபன் சாப்பிடப் போனவர்களையும் தெரியும். அப்படி ஒரு தப்பு அவர் தலையில் கட்டப்பட்டு, மூன்று மாசம் சம்பளமில்லாமல் கிடந்திருக்கிறார். கையில் வந்த உத்தியோகத்தை, முன்பின் தெரியாத ஒரு சேரியின் கிணற்றுக்காகத் தானே எழுதிக் கொடுத்துவிட்டு, சைக்கிளுக்குக் காற்று இருக்கிறதா என்று அமுக்கிப் பார்க்கிற ஆளை அவர் இப்போதுதான் பார்க்கிறார். "நான் மிதிக்கிறேன் சார், நீங்க பின்னால குந்துங்க" என்றார். வேறென்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

பன்னிரண்டு நாளில் அறுபத்தொரு குழி. மூன்றடி உத்தரவைத் தூக்கிப்போட்டாயிற்று. கம்பியோடு கம்பி முடுக்கிப் பதினைந்தடிக்கு இறக்கினார்கள். நாகவல்லியும் அவள் புருஷன் துலுக்கானமும் வேலை முடிந்து வந்து திருகினார்கள். ஒவ்வொரு குழியிலும் பரந்தாமன் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: இது எப்படி வந்தது? யார் யாரோ வந்து சொன்னார்கள். இந்த மேடு களத்துக்காகப் போட்டது, அந்தப் பள்ளம் செங்கலுக்கு வெட்டியது என்று ஊரின் மண்ணுக்கெல்லாம் வரலாறு வந்துகொண்டே இருந்தது. கடைசி நாள் புதுப் படத்தில் சேரிக்கு நடுவே மஞ்சள் பட்டை ஒன்று வளைந்து போயிற்று. அதன் மேல் கிணற்றுக்கு ஒரு வட்டம். பக்கத்தில் பாய்க்கும் புரியும்படி ஒரு கோட்டுப் படம்: வண்டல், மணல், பதிமூன்றடியில் மஞ்சள் களி, களி ஐந்தடி, அதற்கடியில் கூழாங்கல்.

"மஞ்சள் களி வந்ததும் நிறுத்தச் சொல்லுவாங்க பாய். நிறுத்த விடாதீங்க. கூவத்தங்கரையிலே பார்த்தோமே, அதே அடுக்கு. அஞ்சடி தாண்டினா ஆறு" என்றார். மறுநாள் சைக்கிளை விற்றுவிட்டுச் சேலத்துக்கு ரயிலேறிவிட்டார். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை.

கிணறு வைகாசியில் ஆரம்பித்தது. வெட்டியது சம்பத் மேஸ்திரி. பதிமூன்றடியில், சொல்லி வைத்தது போல மஞ்சள் களி வந்தது. மூன்றடி வெட்டிப் பார்த்துவிட்டு மேஸ்திரி கடப்பாரையை மேலே போட்டார்.

"களியில ஏது தண்ணி? தோப்புலயே வெட்டிக்கலாம்னு ஜானகிராமன் ஐயா சொல்லிகினு கீறாரு. இன்னிக்கே அங்க ஆரம்பிச்சிடறேன்."

ஆபீசர் யாரும் அங்கே இல்லை. கோட்டுப் படம் பாயின் சட்டைப் பையில் இருந்தது. அதை எடுத்து விரித்தார்.

"களி அஞ்சடின்னு போட்டுக்கீது. இன்னும் ரெண்டடி கீது அண்ணாத்தே."

"போட்டவரு எங்க? தப்பா படம் போட்டு வேலை போன ஆளுதானே?"

"ஆமா. தப்புன்னு தானே போய்ச் சொன்னதாலதான் போச்சு வேலை. அந்த ஆளு போட்ட கோடு இது" என்றார் பாய். சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, நாற்பத்தாறு வயசில், கயிற்றைப் பிடித்துக் கிணற்றுக்குள் இறங்கினார். துலுக்கானமும் இறங்கினான். மேலே நாகவல்லி கூடை இழுத்தாள். மேஸ்திரி மரத்தடியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டார்.

ஐந்தடி ஆயிற்று. களி போகவில்லை. பாய் மேலே அண்ணாந்து பார்த்தார். கிணற்று விளிம்பைச் சுற்றிச் சேரியே நின்றிருந்தது. ஐந்தரை அடி. அதுவும் களிதான். யா அல்லா, எனக்காக இல்லை, அந்த மனுஷன் போட்ட கோட்டுக்காக என்று முணுமுணுத்துக்கொண்டே கடப்பாரையை ஓங்கினார்.

ஆறாவது அடி முடிகிற இடத்தில் கடப்பாரை எதன் மேலோ மோதி ணங்கென்றது. துலுக்கானம் கையை விட்டுத் தோண்டி ஒரு கல்லை எடுத்தான். முட்டை போல உருண்டையாக, ஈரமாக இருந்தது. அவன் எடுத்த குழியில் தண்ணீர் சுரந்தது. ரெண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். பாதம் நனைந்தது, பிறகு கணுக்கால். துலுக்கானம்தான் முதலில் கத்தினான். மேலே எழுந்த கூச்சல் தோப்பு வரைக்கும் கேட்டிருக்கும். நாகவல்லி மட்டும் கத்தவில்லை. கிணற்று ஓரத்தில் குந்திக்கொண்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவளுடைய மாமியாரும் அவளுக்கு மாமியாரும் நடந்த ஒன்றரை மைல் அன்றோடு முடிந்தது.

அடுத்த நாள் பாய் பூந்தமல்லித் தபாலாபீசுக்குப் போனார். கையில் தைத்த சிறு துணி மூட்டை, உள்ளே அந்தக் கூழாங்கல். சேலத்து விலாசத்தைச் சொல்லிவிட்டு, கூடவே ஒரு கடுதாசியும் எழுதித் தரச் சொன்னார். தபால்கார ஐயா பேனாவை மைக்கூட்டில் தோய்த்துக்கொண்டு, வழக்கப்படி நலம் நலமறிய ஆவல் என்று ஆரம்பித்தார்.

"அதெல்லாம் வாணாம் சார். நான் சொல்றதை மட்டும் எய்துங்க" என்றார் பாய். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சாருக்கு உஸ்மான் கனி சலாம். தண்ணி வந்துட்டுது. களி அஞ்சடி இல்ல, ஆறடி. படத்துல திருத்திக்கோங்க. நீங்க கேக்கல, நானே சொல்றேன்."